நூற்றிப்பத்துச் சுற்று

உப்புவெளிக் கரையில், ஒரு மாசி மாதம்,
நக அளவு இலைத்துண்டு எடுத்தோம்.
அடம்பன் கொடி. ஆட்டுக்குளம்பாய்ப் பிளந்த இலை.
பிளேட்டால் வெட்டியவள் நான்;
ஆடு கடித்ததென்றே கொடி நினைத்திருக்கும்.

பிறகு குளிப்பாட்டல்:
குளோரின், மதுசாரம், காய்ச்சி வடித்த நீர் மூன்று முறை.
மணல் போனது, உப்புப் போனது,
கண்ணுக்குத் தெரியாமல் இலையில் குடியிருந்த
அத்தனை பேரும் போனார்கள்.
கொஞ்சம் சீனி. இரண்டு ஓமோன். இருட்டு.
ஆறாம் கிழமை வெட்டுவாயில் காய்ப்பு விழுந்தது,
துடுப்புப் பிடித்த உள்ளங்கையில் விழுமே, அது போல;
ஆனால் மெத்தென்று, பழஞ்சோற்று நிறத்தில்.
தான் இலை என்பதை இலை மறந்த இடம்.
வேராகவில்லை, பூவாகவில்லை,
சும்மா பெருகியது.

கலம் என்றால் பாத்திரம்.
துறைமுகத்தில் நிற்பதும் கலம்தான்.
பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொன்ன கலமோ
நுணுக்குக்காட்டிக்குள் நடுங்கும் ஒரு சின்ன அறை.
ஓர்ஸ் ஹில் இறக்கத்தில்,
முன்பு பல் வைத்தியர் இருந்த வீட்டில்,
பதினெட்டுக் குடுவையில் அவை மிதக்கின்றன.
ஆட்டும் மேசை, நிமிடத்துக்கு நூற்றிப்பத்துச் சுற்று.
அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள்.
இங்கே திரண்டால் மூச்சு முட்டும்.
ஒன்றையொன்று பிடிக்கவிடாமல்
சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

எங்கோ ஒரு நகரத்தில்
இரவில் முகத்துக்கு இரண்டு துளியாம்.
போத்தலின் விலையை நான் பார்த்ததில்லை.
என் விரல்கள் மதுசாரத்தில் வெடித்து
மடிப்புக்கு மடிப்பு எரிகின்றன.
கையுறைக்குள் யார் பார்க்கிறார்கள்.

இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை,
போன முறையே முடிந்துவிட்டதாம்.
மேசை நின்ற சத்தத்தில்தான்
அதுவரை அது சத்தம் போட்டது தெரிந்தது.
காவலுக்கு இருந்த உவைஸ் நானாவைக் கூப்பிட்டேன்.
கிண்ணியாக்காரர். டோர்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
"உடைஞ்சா சம்பளத்தில பிடிப்பாங்களா?" என்றார்.
"எப்படிப் பிடிக்கிற, புள்ளையைப் போலவா?"
இல்லை, நானா. தேத்தண்ணி ஆறவைக்கிற மாதிரி.

நாலு கை. பதினெட்டுக் குடுவை.
இரண்டு சுழற்றி வைத்து, அடுத்த இரண்டு.
அவர் வாய்க்குள் எதையோ எண்ணினார்,
என்னவென்று நான் கேட்கவில்லை.
மூன்று மணிபோல அவரே பேசினார்:
சொறிமுட்டை தொடையில் இழுத்த நாள்,
கூட வலை வளைத்தவன் கல்லில் இடித்துப் பூசிய இலை.
"இதையா கண்ணாடிக்குள்ள வளக்கிறீங்க?
பீச் முழுக்கக் கிடக்கே."
கிடந்தது, என்றேன்.
நாங்கள் துண்டு எடுத்த இடத்தில்
ஹோட்டல்காரர் வாரித் துப்புரவாக்கி
நீலக் கதிரை போட்டிருக்கிறார்கள்.
அவர் கையிலிருந்த குடுவையை டோர்ச்சில் தூக்கிப் பார்த்தார்.
அது கடலைக் கண்டதில்லை. வெயிலையும் கண்டதில்லை.
"அப்ப இதுக்கு உப்புன்னா என்னண்டு தெரியாது," என்றார்.
என்னிடம் பதில் இருக்கவில்லை,
சுழற்றினேன்.

மூன்று ஐம்பத்தைந்து. மேசை தானாகத் துள்ளி எழுந்தது.

காலையில் பதினோராம் குடுவை பால்போலக் கலங்கி,
பஞ்சைத் திறக்க முந்தியே புளித்த வாடை.
எங்கள் இருவர் கையில் யாருடையதோ,
இல்லை, காற்றுடையதோ.
அமுக்க அடுப்பில் வைத்து அவித்துக் கொன்றேன்.
பதிவேட்டில்: மீதி பதினேழு. காரணம்: மின்தடை.
அடுத்த நிரலில் 'குறிப்பு' என்றிருந்தது, வெறுமையாக விட்டேன்.
நானா சைக்கிளை எடுத்துக்கொண்டு
"வீட்டுக்காரிக்குக் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டு,
நான் சிரிக்க, தானும் சிரித்து இறக்கத்தில் போனார்.

வீட்டில் விரல் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய்.
பிறகு தேத்தண்ணி.
சீனி எப்போதோ கரைந்துவிட்டது,
மணிக்கட்டு நிற்கவில்லை.